போர்டில் இருக்கும் எழுத்துகளை வைத்து டாக்டரை நம்பலாமா? (தர்மபுரி, கிருஷ்ணகிரி)

கேள்வி, பாலக்கோடு பக்கத்திலிருந்து ஒரு தம்பி:
"அம்மாவுக்கு ரெண்டு முட்டியும் வலி. எங்க ஊர் ரோட்டோரத்துல ஒரு டாக்டர் ஊசி போட்டு, பொட்டலத்துல மாத்திரை குடுக்கறார். அன்னைக்கே எழுந்து நடக்கறாங்க, ஆடு ஓட்டிட்டுப் போறாங்க. கொஞ்ச நாள்ல மறுபடி வலி, மறுபடி ஊசி. போர்டுல பேருக்குப் பின்னால நாலஞ்சு எழுத்து இருக்கு, ஒண்ணும் புரியல. காசும் கம்மியாத்தான் வாங்கறார். நிஜ டாக்டர்தானான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது? கேட்டா தப்பா நெனப்பாரா?"

02.06.2025, இரவு

கேட்டால் கோபப்படுகிறவரிடம் போகவே வேண்டாம். ஆனால் வாய்விட்டுக் கேட்காமலே பார்த்துவிடலாம்.

எனக்கு அச்சகத் தொழில். தர்மபுரியில் டாக்டர்களுக்கு மருந்துச் சீட்டு பேடு, பில் புக், ஃபிளெக்ஸ், வாசல் போர்டு எல்லாம் செய்து தருகிறேன். அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: போர்டில் இருப்பது அவர் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தது. நான் அதை அழகான எழுத்தில் போட்டுத் தருகிறேன், அவ்வளவுதான். எந்த அச்சகக்காரரும் சான்றிதழ் கேட்பதில்லை. பச்சை நிறச் சிலுவை, பாம்பு சுற்றிய கோல் எல்லாம் கம்ப்யூட்டரிலேயே கிடக்கிறது, யாருக்கு வேண்டுமானாலும் ஒட்டலாம்.

நீங்கள் பார்க்க வேண்டியது எழுத்தை அல்ல, எண்ணை. அலோபதி டாக்டர் ஒவ்வொருவருக்கும் மாநில மருத்துவக் கவுன்சிலில் ஒரு பதிவு எண் உண்டு. நம் மாநிலத்துக்குத் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில், சென்னை அரும்பாக்கத்தில் இருக்கிறது. 2002-ஆம் ஆண்டு மருத்துவர் நடத்தை விதிகளின்படி அந்த எண்ணைக் கிளினிக்கில் எல்லோருக்கும் தெரியும்படி வைக்க வேண்டும். எழுதித் தரும் மருந்துச் சீட்டிலும், சர்டிபிகேட்டிலும், பணம் வாங்கிய ரசீதிலும் போட வேண்டும். சீட்டில் 'ரெஜி. எண்' என்று பொடி எழுத்தில் இருக்கும். அதை போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் கவுன்சிலின் இணையதளத்தில் அந்த எண்ணைப் போட்டுத் தேடுங்கள். தேசிய மருத்துவ ஆணையத்தின் தளத்திலும் இந்திய மருத்துவப் பதிவேடு என்று ஒரு தேடல் இருக்கிறது. அதில் பெயர், அப்பா பெயர், எந்த மாநிலக் கவுன்சில், எந்த ஆண்டு பதிவு, எந்தப் பல்கலைக்கழகப் பட்டம் என்று வரும். பைசா செலவில்லை.

உங்கள் டாக்டர் சீட்டே தராமல் பொட்டலமாகக் கட்டித் தருகிறார் என்கிறீர்கள். எனக்கு அதுதான் உறுத்துகிறது.

03.06.2025, காலை

பெயரை வைத்துத் தேடினால் யாரும் வரவில்லை என்று கீழே கருத்துப் பகுதியில் ஒருவர் எழுதியிருக்கிறார். நம் பெயர்களோடு இதுதான் தொல்லை. சிலருக்கு இனிஷியல் முன்னால், சிலருக்குப் பின்னால், சிலருக்கு அப்பா பெயர் முழுதாக. ஆங்கிலத்தில் ஒரே பெயரை மூன்று விதமாக எழுதுவார்கள். கல்யாணத்துக்குப் பிறகு பெயர் மாறிய பெண் டாக்டர்கள் வேறு. பெயர் வரவில்லை என்பதற்காகப் போலி என்று முடிவுகட்ட வேண்டாம். எண்ணைப் போட்டுத் தேடுங்கள். எண்ணுக்கு வேறு ஆள் பெயர் வந்தால்தான் விஷயம்.

இன்னொன்று. ஒரே எண் தமிழ்நாட்டிலும் இருக்கும், கர்நாடகத்திலும் இருக்கும், ஆள் வேறு. எந்தக் கவுன்சில் என்று சேர்த்துப் பாருங்கள். ஓசூர்க்காரர்களுக்கு இது முக்கியம்.

03.06.2025, மாலை

'எம்.டி. (ரஷ்யா)' என்று போட்டிருந்தால் போலி என்று ஒருவர் அடித்துச் சொல்கிறார். அப்படி இல்லை. ரஷ்யாவிலும் அந்தப் பக்கத்து நாடுகள் சிலவற்றிலும் முதல் மருத்துவப் பட்டத்துக்கே எம்.டி. என்று பெயர். நம் எம்.பி.பி.எஸ்.ஸுக்குச் சமம். படித்து வந்தவர்கள் இங்கே தகுதித் தேர்வு எழுதி, பயிற்சி முடித்து, பதிவு செய்தால் அவரும் டாக்டர்தான். ஆனால் நம் ஊர் எம்.டி. என்பது எம்.பி.பி.எஸ். முடித்த பிறகு மூன்று வருடம் ஒரு துறையில் படிப்பது. இரண்டையும் ஒன்றாக நினைத்து 'பெரிய டாக்டர்' என்று போகிறவர்கள் நிறைய. அடைப்புக்குறியில் நாட்டின் பெயர் இருந்தால் நிதானமாகப் படியுங்கள்.

மற்ற எழுத்துகளையும் கேட்டிருக்கிறீர்கள். பேடு அடித்து அடித்து எனக்கு மனப்பாடம்.

எம்.பி.பி.எஸ். என்றால் நாலரை வருடப் படிப்பு, ஒரு வருடப் பயிற்சி. எம்.டி., எம்.எஸ். அதற்கு மேல் மூன்று வருடம். டி.என்.பி. என்று இருந்தால் குறைவாக நினைக்காதீர்கள். அது தேசியத் தேர்வு வாரியம் தருவது, எம்.டி., எம்.எஸ்.ஸுக்குச் சமமாக ஏற்கப்பட்டது. டி.சி.எச். குழந்தை மருத்துவத்தில், டி.ஜி.ஓ. மகப்பேற்றில், டி.எல்.ஓ. காது மூக்குத் தொண்டையில், டி.ஆர்த்தோ எலும்பில் டிப்ளமோ. இவை இரண்டு வருடப் படிப்புகள், பழைய ஆட்களில் நல்ல டாக்டர்கள் பலர் இதைத்தான் படித்தவர்கள். டி.எம்., எம்.சி.எச். என்றால் எம்.டி. அல்லது எம்.எஸ்.ஸுக்கும் மேலே: இதயம், மூளை நரம்பு, சிறுநீரகம் என்று தனித் துறை.

பி.எஸ்.எம்.எஸ். சித்தா, பி.ஏ.எம்.எஸ். ஆயுர்வேதம், பி.எச்.எம்.எஸ். ஹோமியோபதி. இவையும் ஐந்தரை வருடப் படிப்பு, போலி அல்ல. அவர்களுக்குத் தனிக் கவுன்சில்கள், அங்கேதான் தேட வேண்டும். பல் டாக்டர் பி.டி.எஸ்., அதற்கும் தனிக் கவுன்சில். பி.பி.டி. பிசியோதெரபி.

சரி, இனி சந்தேகப்பட வேண்டியவை. 'எம்.பி.பி.எஸ். (ஏ.எம்.)' என்று ஒரு பேடு அடிக்க வந்தார் ஒருவர். ஏ.எம். என்றால் மாற்று மருத்துவமாம். அதற்கும் எம்.பி.பி.எஸ்.ஸுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அடைப்புக்குறிக்குள் இருப்பதை மட்டும் சின்ன எழுத்தில் போடச் சொன்னார்! அந்த இடத்தில்தான் எனக்குப் புரிந்தது. கவுன்சில் எண்ணைக் கொடுங்கள், அதையும் போட்டால்தான் அடிப்பேன் என்றேன். நாளைக்குத் தருகிறேன் என்று போனவர் வரவில்லை. பின்னால் ஒரு நாள் அந்தப் பக்கம் போனபோது பார்த்தேன், வேறு கடையில் அடித்து வாங்கியிருக்கிறார். எழுத்தும் நன்றாகத்தான் வந்திருந்தது.

ஆர்.எம்.பி. என்ற மூன்றெழுத்து ஒரு படிப்பே இல்லை. எலக்ட்ரோ ஹோமியோபதி, அக்குபங்சர் டிப்ளமோ என்று மூன்று மாதம், ஆறு மாதம் படித்துவிட்டு முன்னால் 'டாக்டர்' போட்டு ஊசி போடுகிறவர்கள் இருக்கிறார்கள். எம்.பி.பி.எஸ். படித்த நிஜ டாக்டர்கள் சிலரும் வால் நீளமாக இருக்கட்டும் என்று வாரக்கடைசி வகுப்புப் பெயர்களையெல்லாம் சேர்க்கச் சொல்வார்கள். 'சர்க்கரை நோய் நிபுணர்' என்று போடுவதில் பாதி அந்த வகை. அவர் டாக்டர்தான், நிபுணரா என்பது வேறு கேள்வி. மேல்படிப்பையும் கவுன்சிலில் பதிய வேண்டும், அதனால் பதிவேட்டில் எம்.பி.பி.எஸ். மட்டும் இருந்து போர்டில் பெரிய வால் இருந்தால் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். புதிதாக முடித்தவருக்குப் பதிவேற்றத் தாமதமாகியிருக்கலாம், அதையும் நினைவில் வையுங்கள்.

05.06.2025

"படிச்ச டாக்டர் எங்க ஊருக்கு ராத்திரி வருவாரா? அப்ப யாருகிட்ட போறது?" என்று அஞ்செட்டிக்காரர் கோபமாகக் கேட்டிருக்கிறார். கோபத்தில் நியாயம் இருக்கிறது.

பென்னாகரத்துக்கு மேலே மலைப்பக்கம், அஞ்செட்டி, தளி காட்டோரம், இங்கெல்லாம் இரவு ஒன்பது மணிக்குக் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் கதவைத் தட்டக்கூடிய ஆள் யார்? முன்னாள் கம்பவுண்டர், இல்லையென்றால் மெடிக்கலில் வேலை பார்த்துக் கற்றுக்கொண்டவர். கடன் சொல்லலாம், கூலி வந்ததும் கொடுக்கலாம். உட்கார வைத்துப் பேசுவார். ஆரம்ப சுகாதார நிலையம் ஒரு பஸ், அல்லது இரண்டு பஸ் தூரம். மக்கள் ஏமாளிகள் என்பதால் அங்கே போவதில்லை.

ஆனாலும் சொல்கிறேன். அவர் வைத்திருப்பது இரண்டு மூன்று ஆயுதம்தான்: வலி ஊசி, ஸ்டீராய்டு, ஆன்டிபயாட்டிக். அதோடு குளுக்கோஸ் பாட்டில். எந்த நோய்க்கும் இதுவே. எனக்குத் தெரிந்த எலும்பு டாக்டர் பேடு வாங்க வரும்போதெல்லாம் புலம்புவார்: முட்டி வலிக்கு டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு ஊசி போட்டால் அன்றைக்கு வலி பறந்துவிடும், சந்தேகமே இல்லை. திரும்பத் திரும்பப் போட்டால் சர்க்கரை ஏறும், பிரஷர் ஏறும், முகம் வீங்கும், எலும்பு தேயும். மூட்டுத் தேய்மானம் அப்படியே இருக்கும்.

பாலக்கோட்டுத் தம்பி, உங்கள் அம்மா முகம் கொஞ்ச நாளாக உப்பி, பூரித்த மாதிரி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பொட்டலத்தில் இருக்கும் மாத்திரையை நீங்களாகவே சட்டென்று நிறுத்தாதீர்கள். நாள்கணக்கில் ஸ்டீராய்டு சாப்பிட்டவர் திடீரென்று விட்டால் அதுவே ஆபத்து. பொட்டலத்தையே எடுத்துக்கொண்டு தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் காலையிலேயே கூட்டிப் போங்கள். எலும்பு ஓ.பி. தனியாக இருக்கிறது. மாத்திரையைக் காட்டினால் அவர்களே எப்படிக் குறைப்பது என்று சொல்வார்கள்.

05.06.2025, இரவு

ஒரு பின்குறிப்பு. அஞ்செட்டிக்காரருக்குச் சொல்ல மறந்தது. சர்க்கரை, பிரஷர் மாத்திரைக்காகவாவது அந்த ஆளிடம் போக வேண்டாம். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து தருகிறார்கள். 2021 ஆகஸ்ட்டில் அதைத் தொடங்கியதே நம் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான். வராவிட்டால் சுகாதார நிலையத்தில் போய்ப் பெயர் கொடுத்துச் சண்டை போடலாம், தப்பில்லை.

06.06.2025

என் மாமியார் பிசியோதெரபிஸ்டையும் டாக்டர் என்கிறார், கண் கண்ணாடிக் கடைக்காரரையும் டாக்டர் என்கிறார், மெடிக்கலில் இருக்கும் பையனையும் டாக்டர் தம்பி என்கிறார். பெரிய ஆஸ்பத்திரி டாக்டரை மட்டும் 'அந்தப் பொண்ணு' என்கிறார். பதிவேட்டில் என்ன போட்டிருந்தாலும் அவர் பதிவேடு வேறு.

08.06.2025

எண் சரியாக இருந்தால் போதுமா என்று ஊத்தங்கரைக்காரர் கேட்கிறார். இரண்டு நாளாக இதையே யோசித்துக்கொண்டிருந்தேன். நான் மேலே எழுதியதைப் படித்தால் எண் கிடைத்தால் எல்லாம் கிடைத்தது போலத் தோன்றும். அப்படி இல்லை.

காரிமங்கலத்தில் என் பெரியப்பா. நெஞ்சு எரிகிறது, இடது தோள் வலிக்கிறது என்றார். பக்கத்தில் ஒரு டாக்டர், எம்.பி.பி.எஸ்., எண் எல்லாம் சுத்தம், பேடு நான்தான் அடித்துக் கொடுத்தது. கேஸ் டிரபிள் என்று மாத்திரை கொடுத்தார். மறுநாளும் போனார், அதே மாத்திரை. அதற்கடுத்த நாள் பெரியப்பா கடைவீதியில் வியர்த்து உட்கார்ந்துவிட்டார். அங்கே ஒரு பழைய கம்பவுண்டர், போர்டு கூடக் கிடையாது, நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு ஒரு மாத்திரையும் தரவில்லை. "என்னால ஆகாது, இப்பவே நூத்தியெட்டுக்குப் போன் போடுங்க" என்றார். தர்மபுரியில் ஈ.சி.ஜி. எடுத்ததும் மாரடைப்பு என்றார்கள். பிழைத்துக்கொண்டார்.

இதை வைத்துக் கம்பவுண்டரிடமே போகலாம் என்று யாரும் ஆரம்பிக்காதீர்கள். அந்தக் கம்பவுண்டர் நல்லது செய்தது வைத்தியம் பார்க்காமல் இருந்ததால்தான். நான் சொல்ல வருவது வேறு. எண் என்பது அவர் டாக்டர் என்பதற்குச் சான்று. நமக்கு வேண்டிய டாக்டர் யார் என்பதை, எப்போது வேறு இடத்துக்கு அனுப்புகிறார் என்பதை வைத்துத்தான் பார்க்க முடியும். நம் மாதிரி ஊர்களில் இதுதான் பெரிய விஷயம். சென்னையில் தெருவுக்கு ஒரு நிபுணர் இருக்கலாம். இங்கே முதல் டாக்டர் சரியான நேரத்தில் சேலத்துக்கோ தர்மபுரிக்கோ பெங்களூருக்கோ கை காட்டினால்தான் உண்டு.

அதனால் நான் பார்ப்பது: வயதான ஆள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போனால் ஈ.சி.ஜி. எடுக்கச் சொல்கிறாரா? ஏற்கெனவே என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள், எது ஒத்துக்காது என்று கேட்கிறாரா? மூன்று நாளில் குறையவில்லை என்றால் என்ன செய்ய வேண்டும் என்று சொல்கிறாரா, அதே ஊசியை மறுபடி போடுகிறாரா? இன்னொரு டாக்டரிடம் காட்டட்டுமா என்று கேட்டால் முகம் மாறுகிறதா? கடைசிக் கேள்வியைச் சும்மாவாவது கேட்டுப் பாருங்கள். நல்ல டாக்டர் பேப்பரையெல்லாம் எடுத்துக் கொடுத்து அனுப்புவார்.

09.06.2025

வருகை நிபுணர் போர்டுகளைப் பற்றி ஒருவராவது கேட்பீர்கள் என்று பார்த்தேன், கேட்கவில்லை. நானே சொல்கிறேன்.

சின்ன நர்சிங் ஹோம் வாசலில் பத்துப் பன்னிரண்டு பெயர் இருக்கும். இதயம், சிறுநீரகம், நரம்பு, புற்றுநோய். எல்லாம் பெரிய பெரிய பட்டம், எண்ணும் சரியாகவே இருக்கும். நான் போர்டு செய்து கொடுத்த ஒரு இடத்தில் அதில் பாதிப்பேர் மாதத்துக்கு ஒரு முறை சேலத்திலிருந்தோ பெங்களூரிலிருந்தோ காரில் வந்து இரண்டு மணி நேரம் பார்த்துவிட்டுப் போவார்கள். அந்த ஏற்பாட்டில் தப்பு எதுவும் இல்லை, நமக்கு அலைச்சல் மிச்சம். ஆனால் ராத்திரி அட்மிட் ஆகிறவரை யார் பார்ப்பார்? அவசரம் என்றால் யார் வருவார்? இதை ரிசப்ஷனில் கேளுங்கள்: "போர்டில் இருக்கும் இந்த டாக்டர் என்று வருவார்? மற்ற நாளில் யார்? ராத்திரி டியூட்டி டாக்டர் என்ன படித்தவர்?" ஆபரேஷன் என்றால் மயக்க மருந்து கொடுப்பவர் யார் என்றும் கேளுங்கள். அறுவை செய்கிறவர் பெயரை எல்லோரும் கேட்கிறார்கள், மயக்க மருந்து டாக்டர் பெயரை ஒருவரும் கேட்பதில்லை.

ஒரு போர்டில், வருவதை நிறுத்திவிட்ட டாக்டரின் பெயரை எடுத்துவிடலாமா என்று கேட்டேன். "இருக்கட்டும், எடுத்தா ஓட்டை தெரியும்" என்றார்கள்.

09.06.2025, இரவு

பெங்களூர் டாக்டரை வேறு இடத்தில் தேட வேண்டுமா என்று கேட்ட ஓசூர்க்காரருக்கு: ஆமாம், பெங்களூர் டாக்டர்கள் பெரும்பாலும் கர்நாடக மருத்துவக் கவுன்சிலில் இருப்பார்கள். தமிழ்நாட்டுத் தளத்தில் தேடிவிட்டுப் போலி என்று குதிக்காதீர்கள். தேசியப் பதிவேட்டில் தேடினால் எந்த மாநிலம் என்று தெரியும். குப்பம் பக்கம் போகிற பர்கூர், வேப்பனப்பள்ளிக்காரர்களுக்கும் இதே பதில், அங்கே ஆந்திரக் கவுன்சில்.

11.06.2025

பாலக்கோட்டுத் தம்பி எழுதியிருப்பதை எல்லோரும் படியுங்கள். சீட்டு கேட்டதும் அவர் "எதுக்கு சீட்டு, நான்தான் மருந்து தர்றேனே" என்றாராம். மறுபடி கேட்டதும் ஒரு பேடில் எழுதிக் கொடுத்திருக்கிறார். அதில் இருந்த எண்ணைத் தேடினால் வேறு மாவட்டத்தில் இருக்கும் ஒரு பெண் டாக்டரின் பெயர் வருகிறதாம்.

அம்மாவைத் தர்மபுரிக்குக் கூட்டிப் போய்விட்டார், சர்க்கரை ஏறியிருக்கிறது, சிகிச்சை தொடங்கிவிட்டது. நல்ல காரியம்.

தம்பி, அவர் பெயரையோ ஊரையோ இங்கே போடாதீர்கள். நாலு பேரைக் கூட்டிக்கொண்டு போய்ச் சத்தம் போடவும் வேண்டாம், அன்றிரவே கடையைக் காலி செய்துவிட்டு இன்னொரு ஊரில் போர்டு மாட்டுவார். அந்த ஊரில் எத்தனை அம்மாக்களோ. சீட்டை வைத்துக்கொள்ளுங்கள், பொட்டலத்தை வைத்துக்கொள்ளுங்கள், போர்டைப் படம் எடுங்கள். மாவட்டத்தில் மருத்துவ நலப் பணிகள் இணை இயக்குநர் என்று ஒருவர் இருக்கிறார், மருந்து ஆய்வாளரையும் போலீசையும் சேர்த்துக்கொண்டு ரெய்டு போவது அவர் அலுவலகம்தான். அவருக்கு எழுத்தில் கொடுங்கள். அல்லது திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்து ரசீது வாங்குங்கள், அங்கிருந்து அவருக்கே போகும். 104 என்ற சுகாதார உதவி எண்ணுக்கும் சொல்லலாம்.

12.06.2025

"பிடிச்சா என்ன பண்ணுவாங்க, ஒரு வாரத்துல வெளிய வந்துடுவான்" என்று ஒரு விரக்தி. 2019 தேசிய மருத்துவ ஆணையச் சட்டத்தின் 34-ஆவது பிரிவில், பதிவு இல்லாமல் வைத்தியம் பார்த்தால் ஒரு வருடம் வரை சிறை, அல்லது ஐந்து லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று இருக்கிறது. பிடிபட்டவர்கள் ஜாமீனில் வந்து அடுத்த தாலுகாவில் கடை போடுவதும் பத்திரிகையில் வருகிறது, மறுக்கவில்லை. அதனால்தான் எழுத்துப்பூர்வமான புகார் வேண்டும் என்கிறேன். ஒருமுறை பிடிபட்டதற்குப் பேப்பர் இருந்தால் அடுத்த முறை சாதாரணமாக விடமாட்டார்கள்.

ஹோமியோபதி படித்தவர் ஆங்கில மருந்து எழுதினால் என்ன என்று இன்னொருவர். உச்ச நீதிமன்றம் 1996-இல் பூனம் வர்மா வழக்கில் இதைத்தான் பார்த்தது. ஹோமியோபதி படித்தவர் காய்ச்சலுக்கு அலோபதி மருந்து கொடுத்தார், நோயாளி இறந்துவிட்டார். தனக்குத் தெரியாத முறையில் வைத்தியம் பார்த்தவர் போலி மருத்துவரே என்று தீர்ப்பு. அவர் படித்த முறையில் அவர் டாக்டர், அதைத் தாண்டினால் இல்லை. சித்த மருத்துவர்கள் விஷயம் தமிழ்நாட்டில் அரசாணை, வழக்கு என்று நீண்ட கதை, இங்கே இழுத்தால் ஒரு மாதம் ஓடும். வேண்டாம்.

13.06.2025

எலும்பு முறிவுக்கு நாட்டு வைத்தியர் போடும் புத்தூர்க் கட்டு பற்றி அடிதடி ஆரம்பித்துவிட்டது, எதிர்பார்த்ததுதான். எங்கள் வீட்டிலேயே இரண்டு கட்சி. என் தம்பிக்குச் சின்ன வயதில் மணிக்கட்டுக்குக் கட்டிச் சரியாயிற்று, அவன் இன்றும் சத்தியம் செய்வான். என் பக்கம் இதுதான்: முதலில் எக்ஸ்ரே. எலும்பு தோலைக் கிழித்து வெளியே தெரிந்தாலோ, விரல் மரத்துப்போனாலோ, நீலமானாலோ, முழங்கை மாதிரி மூட்டுப் பக்கமானாலோ நேராக ஆஸ்பத்திரி. குழந்தையின் முழங்கையில் இறுக்கிக் கட்டி ரத்த ஓட்டம் நின்று கை வீணாய்ப் போன கதைகள் எலும்பு டாக்டர்களிடம் ஏராளம். அப்புறம், 'புத்தூர்' என்று போர்டு வைத்தவரெல்லாம் புத்தூர்க்காரர் இல்லை. அந்த போர்டும் நான் அடித்திருக்கிறேன்.

மூலம், பௌத்திரம், ஆபரேஷன் இல்லாமல், ஒரே நாளில் என்ற போர்டுக்கு இவ்வளவு கூடக் கருணை காட்டமாட்டேன். ரத்தம் போவது மூலத்தால்தான் என்று பார்க்காமலே சொல்ல முடியாது, குடலில் கட்டி இருந்தாலும் போகும். மருந்து வைத்துக் கட்டி ஒரு வருடம் ஓட்டிவிட்டால் போனது போனதுதான்.

15.06.2025

ஸ்கேன் சென்டரை எப்படிப் பார்ப்பது என்று ஒரு சகோதரி. கர்ப்பிணிகளுக்கு ஸ்கேன் எடுக்கும் இடம், கருவின் பாலினம் பார்ப்பதைத் தடுக்கும் 1994-ஆம் ஆண்டு சட்டத்தின் கீழ் பதிவு செய்திருக்க வேண்டும். அந்தச் சான்றிதழும், 'இங்கு கருவின் பாலினம் தெரிவிக்கப்படமாட்டாது' என்ற பலகையும் கண்ணில் படும்படி இருக்க வேண்டும். ஸ்கேனுக்கு முன் படிவத்தில் விவரம் எழுதி கையெழுத்து வாங்குவார்கள். வாங்கவில்லை என்றால் அங்கே ஏதோ சரியில்லை.

நம் மாவட்டத்தில் இதைச் சும்மா தாண்டிப் போக முடியாது. பெண் சிசுக் கொலைக்குப் பேர் போன ஊர் என்று தர்மபுரியை எழுதினார்கள், பெண் குழந்தையைக் கொல்லாமல் அரசுத் தொட்டிலில் விடச் சொன்ன தொட்டில் குழந்தைத் திட்டமே சேலத்துக்குப் பிறகு இங்கே வந்தது. இப்போது தொட்டில் வரை போவதில்லை, கையில் தூக்கிப் போகிற ஸ்கேன் மெஷினோடு வீடு வீடாகச் சுற்றும் கும்பல் பிடிபடுகிறது. இடைத்தரகர் போன் செய்வார், பஸ் ஸ்டாண்டில் ஏற்றுவார், எந்தத் தோட்டத்து வீடு என்றே தெரியாது. அந்த மெஷினைப் பிடிக்கிறவர் பெரும்பாலும் டாக்டரே இல்லை. கருவைக் கலைக்க மாத்திரை தருவதும் அவரே. பெண்கள் ரத்தப்போக்கில் செத்துப்போவது அங்கேதான். கூப்பிடுகிறவர் சொந்தக்காரராக இருந்தாலும் புகார் கொடுங்கள்.

21.06.2025

கூகுளில் ஐந்து ஸ்டார் பார்த்துப் போகலாமா? பில் புக் அடிக்கிற இடத்தில் அந்த 'ஸ்டார் போடுங்க' ஸ்டிக்கரையும் நான்தான் அடிக்கிறேன், ரிசப்ஷனில் நின்று போட வைக்கிறார்கள். நான் ஸ்டாரைப் பார்க்கமாட்டேன், கீழே இருக்கும் திட்டைப் படிப்பேன். 'காத்திருக்க வைத்தார்' என்றால் பொருட்படுத்தமாட்டேன். 'ரிப்போர்ட் தர மறுத்தார்கள்', 'வெளி லேபில் எடுத்தால் ஏற்கவில்லை' என்றால் யோசிப்பேன்.

மெடிக்கல்காரரிடம் கேட்டால்? அவர் கடைக்குச் சீட்டு அனுப்புகிற டாக்டரைத்தான் சொல்வார், மனித சுபாவம். அரசு மருத்துவமனை நர்சுகள் தங்கள் வீட்டுக் குழந்தையை யாரிடம் காட்டுகிறார்கள் என்று விசாரிப்பேன். இதுவரை என் தேர்வு பெரும்பாலும் அப்படித்தான்.

கிளினிக் என்ற கட்டடத்துக்கே தனிப் பதிவு உண்டு என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் 1997-ஆம் ஆண்டு மருத்துவ நிறுவனங்கள் சட்டம், 2018-இல் விதிகள் வந்தன. பதிவுச் சான்றிதழைச் சுவரில் மாட்டியிருக்க வேண்டும். சாமி படத்துக்குப் பக்கத்தில் தேடிப் பாருங்கள், பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

02.07.2025

அரூரிலிருந்து கேட்டவருக்கு, தாமதத்துக்கு மன்னிக்கவும், கல்யாணப் பத்திரிகை சீசன்.

அப்பாவைச் சேர்த்திருந்த தனியார் மருத்துவமனை கேஸ் ஷீட் தர மறுக்கிறது என்றீர்கள். உள்நோயாளி ஆவணங்களை மூன்று வருடமாவது வைத்திருக்க வேண்டும், நோயாளியோ அவர் அனுமதித்தவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். 2002 விதியில் இருக்கிறது. வாயால் கேட்காதீர்கள். ஒரு வெள்ளைத் தாளில் நோயாளி பெயர், ஐ.பி. எண் (உள்நோயாளி எண்), சேர்ந்த தேதி, போன தேதி, 'கேஸ் ஷீட் நகல், பரிசோதனை முடிவுகள் அனைத்தும் தேவை' என்று எழுதி அப்பா கையெழுத்தோடு கொடுங்கள். இரண்டு பிரதி எடுத்துப் போய், ஒன்றில் சீல் வைத்து வாங்கிக்கொள்ளுங்கள். சீல் வைக்கமாட்டோம் என்றால், பெற்றுக்கொண்டதற்கு அத்தாட்சி கிடைக்கும்படி ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். நகல் எடுக்கிற காசைக் கேட்டால் கொடுத்துவிடுங்கள், அதற்குச் சண்டை வேண்டாம். பாக்கிப் பணம் இருக்கிறது, அதனால் தரமாட்டோம் என்கிறார்களா என்பதை மட்டும் எழுதுங்கள், அப்படியென்றால் மனுவில் ஒரு வரி கூடச் சேர்க்க வேண்டும்.